வேற்றுக்கிரகத்தார் இறங்கும்போது வயலின்கள் எங்கே போகின்றன?

கேள்வி இது: வேற்றுக்கிரகவாசிகள் பூமியில் வந்து இறங்கும் குறும்படம் ஒன்றுக்கு அசல் கலைஞர்களை வைத்துப் பின்னணி இசை செய்யப் போகிறீர்கள். பதினைந்து, இருபது பேருக்குத்தான் பணம் இருக்கிறது. பழைய படங்களில் வரும் ‘ஊஊ’ என்ற தெரமின் (தொடாமலே, கையசைவால் வாசிக்கும் மின்கருவி) சத்தத்தை மேலே தூவினால் போதுமா, பெரிய படங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரமின் மட்டும் போதாது. இந்த வகைப் படங்களில் அந்நியத்தன்மை வருவது புதிய சத்தத்தைச் சேர்ப்பதால் அல்ல. கேட்டுப் பழகிய ஒன்றை எடுத்துவிடுவதால். உங்கள் சின்னப் பட்ஜெட்டுக்கு இது நல்ல செய்தி.

இதற்கு முதல் சாட்சி சினிமாகூட இல்லை, வானொலி. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழுவினர் எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாவலைச் செய்தி அறிக்கை போல ஒலிபரப்பினார்கள். அதில் விண்வெளி இசை என்று எதுவும் இல்லை. ஏதோ ஒரு ஹோட்டலில் நடன இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும், நடுவில் அறுபடும், அறிவிப்பாளர் பேசுவார், பிறகு அதே நடன இசை ஒன்றும் நடவாததுபோலத் தொடரும். மறுபடி அறுபடும். அன்று இசைக்குழுவை நடத்தியவர் பெர்னார்ட் ஹெர்மன். பதின்மூன்று ஆண்டு கழித்து ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி டே தி எர்த் ஸ்டூட் ஸ்டில்’ படத்துக்கு இசை எழுதியவரும் அவரே. பறக்கும் தட்டு வாஷிங்டனில் இறங்குகிறது, க்ளாட்டு என்ற தூதரும் கார்ட் என்ற ரோபோவும் வெளியே வருகிறார்கள், ராணுவம் சுற்றி வளைக்கிறது. வந்தவர் படையெடுக்க வரவில்லை என்பது கதை. ஆனால் ஊருக்கு அது படையெடுப்பாகத்தான் தெரிகிறது. இசையும் முதலில் ஊரின் பக்கம் நின்றே பேசுகிறது.

அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் அமைப்பைப் பாருங்கள். சாதாரண ஹாலிவுட் இசைக்குழுவின் முதுகெலும்பு வயலின் வரிசை, அது இல்லை. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் போன்ற மரக்காற்றுக் கருவிகளும் இல்லை. தந்தி என்று இருப்பவை மின்வயலின் ஒன்று, மின்செல்லோ ஒன்று, மின்பாஸ் ஒன்று. இரண்டு தெரமின், இரண்டு ஹேமண்ட் ஆர்கன், ஸ்டூடியோவின் பெரிய ஆர்கன் ஒன்று, மூன்று வைப்ரஃபோன் (மோட்டாரால் ஒலி மினுங்கும் உலோகக் கட்டைக் கருவி), இரண்டு குளோக்கன்ஸ்பீல், மரிம்பா, செலஸ்டா, இரண்டு பியானோ, இரண்டு ஹார்ப். தோல்கருவிகளில் மூன்று ஜோடி டிம்பனி, இரண்டு பாஸ் டிரம். கூடவே டாம்-டாம் என்னும் பெரிய வெண்கலத் தட்டு. நம்மூர்ச் சேகண்டிக்கு அது பெரியப்பா முறை. பித்தளை வாத்தியங்களில் மூன்று டிரம்பெட், மூன்று டிரோம்போன், அவற்றில் மிக அடியில் ஒலிக்கும் பெரிய ஊதுகருவியான டியூபா நான்கு. நூறு பேர் இருக்கும் சிம்பொனிக் குழுவிலேயே டியூபா பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே நான்கு.

ஹெர்மன் தன் இசைக்கான வாத்தியப் பிரிப்பைத் தானே எழுதுபவர். அன்றைய ஹாலிவுட்டில் இசையமைப்பாளர் சுருக்கமாக எழுதிக் கொடுக்க, வேறொருவர் அதைக் கருவிகளுக்குப் பங்கிடுவதே வழக்கம். அப்படிப் பங்கிடுகிறவர் கைப்பழக்கத்தில் முதலில் வயலின்களைத்தான் நிரப்புவார். தானே எழுதியதால்தான் இப்படி ஒரு விசித்திரப் பட்டியல் சாத்தியமானது என்று நினைக்கிறேன்.

வயலின்களை ஏன் எடுக்க வேண்டும்? பத்துப் பதினாறு வயலின்கள் ஒரே சுரத்தை வாசிக்கும்போது ஒவ்வொருவரின் சுருதியும் அதிர்வும் மயிரிழை வேறுபடும். அந்த வேறுபாடுதான் நம் காதுக்குக் ‘கூட்டமாக மனிதர்கள்’ என்று கேட்கிறது. மரக்காற்றுக் கருவிகளில் மூச்சு கேட்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் மனிதக் குரலுக்கு நெருக்கமான நடு ஸ்தாயி காலியாகிவிடுகிறது. மிஞ்சுவது அடியில் டியூபா, ஆர்கன். உச்சியில் வைப்ரஃபோன், குளோக்கன்ஸ்பீல், தெரமின். நடுவில் பள்ளம். அந்தப் பள்ளம்தான் பயம். ஒரு லாபமும் உண்டு: வசனம் தடையில்லாமல் கேட்கும்.

இனி சுருதி. இந்த இசையில் இரண்டு இடைவெளிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, ‘டி’ சுரமும் ‘ஈ-ஃபிளாட்’ சுரமும் ஒன்றோடொன்று உரசுவது. கர்நாடக இசைக் கணக்கில் ஷட்ஜமமும் சுத்த ரிஷபமும் ஒருசேர ஒலிப்பது. மற்றது மேற்கத்தியர் டிரைடோன் என்பது. நமக்குச் ஷட்ஜமத்திலிருந்து பிரதி மத்யமம். கார்ட் வரும் இடங்களில் தெரமின்கள் இந்த டிரைடோன் தூரத்தை மாறிமாறிச் சறுக்கிக் கடக்கும். நம் காதுக்கு அது ஜாரு.

‘டி’–‘ஈ-ஃபிளாட்’ உரசல் எல்லா ஸ்தாயியிலும் ஒரே மாதிரி ஒலிக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளி இயற்பியலில் படித்த விம்மல்கள் ஞாபகம் இருக்கும்: நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசத்துக்குச் சமமான வேகத்தில் சத்தம் ஏறி இறங்கும். ‘ஏ’ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் வைத்துக்கொண்டால், பியானோவில் மிக அடியிலுள்ள ‘டி’ 36.7 ஹெர்ட்ஸ், அதன் பக்கத்து ‘ஈ-ஃபிளாட்’ 38.9. வித்தியாசம் நொடிக்கு ஏறக்குறைய 2.2. அதாவது நிதானமாகத் துடிக்கும் ஒரு பெரிய இதயம். ஒரு ஸ்தாயி மேலே போனால் 4.4, அது இயந்திரத்தின் நடுக்கம். இன்னொரு ஸ்தாயி மேலே 8.7. அங்கிருந்து இரண்டு ஸ்தாயி மேலே போனால் நொடிக்கு 35. விம்மல் தனியாகக் கேட்காது, பல் கூசும் கரகரப்பாகிவிடும். எனவே ‘பக்கத்துப் பக்கத்து சுரம் வைத்தேன், பயம் வரவில்லையே’ என்பவர்கள் பெரும்பாலும் ஸ்தாயியைத் தப்பாகப் பிடித்திருப்பார்கள். தூரத்தில் நிற்கும் பெரிய ஆபத்துக்கு அடி ஸ்தாயி; கையெட்டும் தூரத்தில் நிற்கும் ஆபத்துக்கு மேல் ஸ்தாயி.

இதில் ஒரு விளையாட்டும் செய்யலாம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு தாள அடிக்கு எத்தனை ஃபிரேம் என்று வைத்துத்தான் கிளிக் (வாசிப்பவர் ஹெட்ஃபோனில் கேட்கும் தாள டிக்-டிக்) கணக்கிடுவார்கள். 1440-ஐ ஃபிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வரும்: 12 ஃபிரேம் என்றால் 120, 16 என்றால் 90. 22 ஃபிரேம் வைத்தால் 65.45. மிக அடி ஸ்தாயியில் ‘டி’–‘ஈ-ஃபிளாட்’ விம்மல் நிமிடத்துக்குச் சுமார் 131 முறை. ஒரு அடிக்குச் சரியாக இரண்டு. தாளமே அந்த உரசலுக்குள்ளிருந்து புறப்படுவதுபோல இருக்கும். ஆனால் மனிதர் ஊதும் டியூபா இவ்வளவு துல்லியமாக நிற்காது. இந்த வேலையை மின் ஆர்கனிடம் கொடுங்கள். உங்கள் படம் 25 ஃபிரேமில் எடுத்ததென்றால் 1440 அல்ல, 1500-ஐ வகுக்க வேண்டும்.

விம்மலைக் கெடுப்பவை மூன்று. வாசிப்பவர் பழக்கத்தில் சேர்க்கும் வைப்ராட்டோ முதலாவது. குறிப்பில் ‘அதிர்வு இல்லாமல்’ என்று எழுதியே கொடுங்கள். இரண்டு சுரங்களையும் தனித்தனியாகப் பதிந்து ஒன்றை இடக்கோடியிலும் மற்றதை வலக்கோடியிலும் வைப்பது இரண்டாவது. ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு இரண்டும் காற்றில் கலக்கவே வழியில்லை. வாசிப்பவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே மைக்கில் பிடியுங்கள். மூன்றாவது, மிக்ஸிங்கில் யாராவது நல்லெண்ணத்தில் போடும் சுருதி திருத்தும் மென்பொருள்.

இப்போது அந்த அடி ஸ்தாயிக் கலவை. டியூபா, ஆர்கன், பியானோ, பாஸ் டிரம் நான்கும் ஒரே சுரத்தில் ஒன்றாக இறங்குவது ஹெர்மன் இங்கே கையாண்ட பெரிய உத்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பியானோவின் அடித்தந்தி தொடக்கத்தின் கூர்மையைக் கொடுக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். டியூபாவில் ஒலி எழச் சற்றுத் தாமதமாகும். எழுந்தபின் உடம்பு கொடுப்பது அதுதான். ஆர்கனுக்கு மூச்சு வாங்காது. கை எடுக்கும்வரை நிற்கும். பாஸ் டிரம் எடையைக் கூட்டும். இதில் பியானோவை எடுத்துவிட்டால் எல்லாம் பஞ்சுமூட்டைபோல ஒலிக்கும். ஆர்கனை எடுத்தால் நடுவில் ஓட்டை விழும். டியூபாவில் அடி ஸ்தாயியில் முழு பலத்தோடு ஊதினால் காற்று நாலைந்து நொடிக்குமேல் தாங்காது. இரண்டு பேராவது இருந்தால் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்வார். எங்கே யார் மூச்சு வாங்குவது என்பதை நீங்களே குறித்துக் கொடுங்கள். விட்டுவிட்டால் இருவரும் ஒரே ஆவர்த்தன முடிவில்தான் மூச்சு வாங்குவார்கள், அது இயற்கை.

1951-இல் திரையரங்க ஒலி, ஃபிலிம் ஓரத்தில் ஒளியால் பதிந்த ஒற்றைத் தடம். சுமார் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், அடியில் ஆழமான பகுதியிலும் பெரிதாக ஒன்றும் வராது. 37 ஹெர்ட்ஸ் அடிச்சுரம் அன்றைய ஒலிபெருக்கியில் ஒலித்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் டியூபாவிலும் பியானோவிலும் அதன் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் அதன் மடங்கு அதிர்வெண்கள்) ஏராளம். அவற்றைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். உங்கள் குறும்படத்தைப் பாதிப் பேர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். இந்த விஷயத்தில் அன்றைய தியேட்டரும் இன்றைய கைப்பேசியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். கணினியில் உருவாக்கிய, மேற்சுரமே இல்லாத வெறும் சைன் அலை பாஸ் கைப்பேசியில் மொத்தமாகக் காணாமல் போகும். டியூபாவும் பாஸ் டிரோம்போனும் போகாது. அசல் வாத்தியத்துக்குப் பணம் செலவழிக்கும் இடம் இதுதான்.

தெரமினுக்கு வருகிறேன். 1920-ஐ ஒட்டி ரஷ்யாவில் லெவ் தெரமின் உருவாக்கிய கருவி. உள்ளே காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் இரண்டு மின்னலை இயற்றிகள் ஓடும். ஒன்று நிலையானது, மற்றது ஆன்டெனாவுக்கும் கைக்கும் உள்ள தூரத்தால் மாறும். இரண்டின் வித்தியாசமே நாம் கேட்கும் சுரம். இங்கேயும் அதே விம்மல் தத்துவம்தான். செங்குத்தான கம்பியை நெருங்கினால் சுருதி ஏறும். கிடையான வளையத்தை நெருங்கினால் சத்தம் குறையும். விண்வெளிக்கென்று பிறந்த கருவி அல்ல இது. 1945-இல் மிக்லோஷ் ரோஜா மனநோய்க் கதை ஒன்றுக்குப் பயன்படுத்தி ஆஸ்கர் வாங்கினார். அதில் வாசித்தவர் சாமுவேல் ஹாஃப்மன். தொழிலால் கால் மருத்துவர். 1950-இல் ஃபெர்டி குரோஃபே ஒரு ராக்கெட் படத்திலும், 1951-இல் ஹெர்மனுக்குச் சில மாதம் முன்னதாகவே டிமிட்ரி டியோம்கின் வேறொரு வேற்றுக்கிரகப் படத்திலும் தெரமினைப் பயன்படுத்திவிட்டார்கள். ஹெர்மன் படத்திலும் வாசித்தவர் ஹாஃப்மன்தான்; கூட பால் ஷூர். ஆக, தெரமின் என்ற எண்ணம் புதிதல்ல. அதைச் சுற்றியிருந்ததைக் காலி செய்ததுதான் புதிது. மற்றவர்களிடம் அது குழம்பில் மிதக்கும் கறிவேப்பிலை; இங்கே அதுவே குழம்பின் ஒரு பகுதி.

தெரமின் வாசிப்பவரை நீங்கள் அமர்த்தினால் பதிவு நாளில் கவனிக்க வேண்டியவை சில. கருவிக்கு நல்ல எர்த் வேண்டும். மலிவான அடாப்டரில் எர்த் இல்லாமல் ஓட்டினால் அடிச்சுரங்கள் நிலைக்காது. அரைமணி முன்பே போட்டுச் சூடாக்குங்கள், இல்லையென்றால் முதல் டேக்குக்கும் மூன்றாவது டேக்குக்கும் சுருதி நகர்ந்திருக்கும். சுற்றிலும் இரண்டு மீட்டருக்குள் ஆள் நடமாட்டம் கூடாது. இசை நடத்துபவர் கையை வீசினால் அதுவும் சுருதியில் தெரியும். இரும்பு நோட்ஸ் ஸ்டாண்டுக்குப் பதில் மர ஸ்டாண்ட். இரண்டு தெரமின்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் இயற்றி மற்றதை இழுத்து விசிலடிக்கும், அல்லது இரண்டும் ஒரே சுருதியில் ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். வாசிப்பவருக்கு விரல் வைக்கக் கட்டை இல்லை, மெட்டு இல்லை. சத்தத்தை இடக்கையால் அடைத்துக்கொண்டு, சுரத்தைக் காதில் மட்டும் கேட்டுத் தேடிப் பிடித்த பிறகுதான் திறப்பார். எனவே ஒவ்வொரு நுழைவுக்கு முன்பும் ஒரு நொடியாவது மௌனம் எழுதுங்கள். வேகமான தாண்டல்களை எழுதாதீர்கள். நிமிடத்துக்கு 60, 70 அடி வேகத்தில் நீண்ட சுரங்களும் சறுக்கல்களுமே அதன் பலம்.

எப்போது கெடும்? தெரமின் தனியாக, அகன்ற அதிர்வோடு, மேலே ஏறி இறங்கினால் உடனே நகைச்சுவை. ஐம்பதுகளின் மலிவுப் படங்கள் அதை அவ்வளவு தேய்த்துவிட்டன. 1996-இல் டேனி எல்ஃப்மன் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பைக் கேலி செய்யும் படத்துக்கு அந்த ஒலியை வேண்டுமென்றே எடுத்தாண்டார்; சிரிப்பு வந்தது. உங்கள் படம் சீரியஸ் என்றால் தெரமினை மின்செல்லோவோடோ அடக்கி ஊதும் டிரம்பெட்டோடோ ஒரே சுரத்தில் கட்டிப்போடுங்கள். எந்தக் கருவி என்று காது பிரித்தறியக் கூடாது.

ஹேமண்ட் ஆர்கன் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய சக்கர வகை ஆர்கனில் 91 சிறு உலோகச் சக்கரங்கள் சுழன்று ஒலியை உண்டாக்கும். அவற்றைச் சுழற்றும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டப்பட்டது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கருவியை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்னழுத்தம் மட்டும் மாற்றிப் போட்டால் மூன்று அரைச்சுரத்துக்கும் மேலே சுருதி இறங்கிவிடும். சரியான கருவியே ஆனாலும் மின்சாரம் 50-இலிருந்து 49.5-க்கு இறங்கினால் சுமார் 17 சென்ட் குறையும்; அதாவது ஒரு அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆர்கனை மற்றவர்களுக்குச் சேர்க்க முடியாது. மற்றவர்கள்தான் ஆர்கனுக்குச் சேர வேண்டும். பியானோவுக்கு அதுவும் முடியாது. ஆகவே பியானோவோடு சேர்த்து வைப்பதானால் மின்னணு ஆர்கனே நிம்மதி.

அந்தப் படத்தில் ஹெர்மன் ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டியும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தும் சோதனைகள் செய்தார். இன்று ஒரு பொத்தான் வேலை. ஆனால் அதிலும் தவறுகள் நடக்கின்றன. டாம்-டாம் அடித்த ஒலியைப் புரட்டினால் அதன் நீண்ட தேய்வு மெல்ல எழும் அலையாகி, கடைசியில் அடி விழும் கணத்தில் வெட்டுப்படும். அந்த வெட்டு காட்சி மாறும் ஃபிரேமில் விழ வேண்டும். எனவே முதலில் முடிவுப்புள்ளியைப் பொருத்திவிட்டு, தொடக்கம் எங்கே வருகிறதோ வரட்டும் என்று விடுங்கள். அறையின் எதிரொலியோடு பதிந்ததைப் புரட்டினால் எதிரொலி முன்னால் வந்து மொத்தமும் செயற்கையாகும். நெருக்கமான மைக்கில் எதிரொலி இல்லாமல் பதிந்து, புரட்டி, அதற்குப் பிறகே எதிரொலி சேருங்கள். ஒரு சுர வரிசை வேண்டுமென்றால் கடைசிச் சுரத்திலிருந்து முதலுக்கு வாசிக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் பதிவுக்கு முந்திய நாளே எழுதி வையுங்கள். ஸ்டூடியோவில் நின்றுகொண்டு யோசித்தால் தப்பும்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் படம் முழுக்க இப்படியே போட்டால் இருபதாவது நிமிடத்தில் காது மரத்துவிடும். 92 நிமிடப் படத்தில் ஹெர்மனின் இசை சுமார் 35 நிமிடந்தான். அதிலும் க்ளாட்டு ஒரு சிறுவனோடு ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்துக்கும் லிங்கன் நினைவகத்துக்கும் போகும் காட்சிகளில் பித்தளைக் கருவிகள் மெல்ல, இணக்கமான சுரங்களில், தேவாலயப் பாடல்போல ஒலிக்கின்றன. வேறு ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டுவரவில்லை. மிரட்டிய அதே குடும்பம்தான் இப்போது ஆறுதல் சொல்கிறது. வயலின்களை இங்கே ஒளித்துவைத்திருந்து கொட்டியிருந்தால் உணர்ச்சி வந்திருக்கும், நம்பிக்கை வந்திருக்காது. எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த முடிவு இதுதான். தெரமினைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1996-இல் ‘இண்டிபெண்டன்ஸ் டே’ படத்துக்கு டேவிட் ஆர்னால்ட் 90 பேர் ஆர்க்கெஸ்ட்ரா, 46 பேர் பாடகர் குழு வைத்தார். அங்கே இசை படையெடுப்பவர்களைப் பற்றியதே அல்ல. எதிர்த்து நிற்கும் மனிதர்களைப் பற்றியது. ராணுவ முரசு, வீறார்ந்த கொம்பு, முழு வயலின் வரிசை. கிராமி விருது கிடைத்தது. அமெரிக்க தேசபக்தி பொங்கும் அந்த இசையை எழுதியவர் ஓர் ஆங்கிலேயர் என்பது தனி வேடிக்கை. ஆனால் இந்தப் பாணியைப் பதினேழு பேரை வைத்துச் செய்ய முயலாதீர்கள். கல்யாண பேண்டு போல ஆகிவிடும்.

2005-இல் ஸ்பீல்பெர்க் அதே வெல்ஸ் நாவலை எடுத்தபோது ஜான் வில்லியம்ஸ் இடைவழி ஒன்றைப் பிடித்தார். பெரிய ஆர்க்கெஸ்ட்ராதான், ஆனால் பாட்டாக முணுமுணுக்க ஒரு மெட்டும் கிடைக்காது. எட்டுப் பெண்குரல்களை அவற்றின் உச்ச ஸ்தாயிவரை ஏற்றி அலறல்போல ஆக்கினார். வேற்றுக்கிரகத்தாருக்கு ஆண்குரல்களை உறுமலுக்குப் பக்கத்தில் இறக்கினார். கவனியுங்கள், இங்கும் நடு ஸ்தாயி காலி. முதல் ஆறு ரீல்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரப் படம் மட்டுமே கையில் இருக்கும்போது எழுதத் தொடங்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் எடிட் முடியாமலே வேலை வரும். அப்போது நீண்ட மெட்டு எழுதாமல், இரண்டு அல்லது நான்கு ஆவர்த்தனத்தில் முடியும் துண்டுகளாக எழுதுங்கள். படத்தில் பத்து நொடி வெட்டினாலும் ஒரு துண்டைக் கழற்றிவிடலாம்.

சரி, உங்கள் குழு. இரண்டு டிரம்பெட், இரண்டு டிரோம்போன், ஒரு பாஸ் டிரோம்போன், இரண்டு டியூபா: பித்தளையில் ஏழு பேர். பியானோ ஒருவர், ஆர்கன் ஒருவர், ஹார்ப் ஒருவர். தாளத்துக்கு மூவர்: ஒருவர் வைப்ரஃபோனும் குளோக்கன்ஸ்பீலும், ஒருவர் டிம்பனி, ஒருவர் பாஸ் டிரமும் டாம்-டாமும். மின்வயலின், மின்செல்லோ, மின்பாஸ் மூவர். தெரமின் ஒருவர். மொத்தம் 17. ஹார்ப் கிடைக்காவிட்டால் பியானோவின் மூடியைத் திறந்து, வலக்கால் பெடலை அழுத்திக்கொண்டு தந்திகளை விரல்நுனியால் வருடச் சொல்லுங்கள். ஆனால் பியானோவின் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் முதலில் தெரமினை எடுங்கள், டியூபாவை அல்ல. வைப்ரஃபோனின் மோட்டாரை ஒரு டேக்கில் மெதுவாகவும் அடுத்த டேக்கில் வேகமாகவும் ஓட்டி இரண்டையும் அடுக்கினால் ஒரே ஆளை வைத்து மூன்று வைப்ரஃபோன் மினுக்கத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம்.

பலரும் கேட்பது ஐந்து அடித் தாளம் பற்றி. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘மார்ஸ்’ (செவ்வாய்) 5/4-இல் போனதிலிருந்து படையெடுப்பு என்றாலே ஐந்து என்றாகிவிட்டது. கண்ட சாபுவில் ஊறிய காதுக்கு ஐந்து ஒன்றும் அந்நியமில்லை, ஆடக்கூடத் தோன்றும். விட்டுவிடுங்கள்.

பதிவு நாளில் வரிசை முக்கியம். பித்தளைக்காரர்களின் உதடு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கணக்குள்ளது. பெரிய முழக்கங்களை முதல் மணியில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று பிரித்தால் கடைசியில் உள்ளது கட்டாயம் கீழிறங்கும். சின்னதாக ஒரு மெல்லிய துண்டு வாசித்து உதட்டைச் சூடாக்கிவிட்டு, உடனே பெரியவற்றை முடித்துவிடுங்கள். அமைதியான தேவாலயப் பாணித் துண்டுகள் மதியத்துக்கு. புதுக்குழுவோடு ஒரு மணி நேரத்துக்கு நாலு, ஐந்து நிமிட இசைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். டியூபாவின் வாய் மேல்நோக்கி இருப்பதால் மைக்கை இரண்டு மீட்டருக்கு மேலே தூக்க வேண்டும். தாழ்ந்த கூரையுள்ள ஸ்டூடியோ என்றால் கூரையிலிருந்து திரும்பும் ஒலியும் சேர்ந்தே பதிவாகும். கம்பளம் கட்டித் தொங்கவிடுங்கள். மின்வயலினை நேரடியாக ஒரு தடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வழியாக மைக்கில் இன்னொரு தடத்திலும் எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் எல்லா மின்கருவிகளையும் ஒரே மின்பலகைக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தீரும்.

எல்லா இடத்துக்கும் கிளிக் போடாதீர்கள். ஓட்டம், துரத்தல் என்றால் கிளிக். நிற்கும் ரோபோவைப் பார்த்துக் கூட்டம் பின்வாங்குகிறது என்றால் கையால் நடத்துவது. ஃபாக்ஸ் ஸ்டூடியோவில் ஆல்ஃபிரட் நியூமன் இசைத்துறைத் தலைவராக இருந்த காலத்தில் ஃபிலிமின் மேலேயே கோடு கீறி, திரையில் இடமிருந்து வலம் ஓடும் ஒரு வெளிச்சக் கோடாகக் காட்டுவார்கள். கோடு ஓரத்தைத் தொடும்போது சுரம் விழ வேண்டும். மூன்றடி நீளக் கோடு என்றால் சரியாக இரண்டு நொடி, ஏனென்றால் 35 எம்.எம். ஃபிலிம் நொடிக்கு ஒன்றரை அடி ஓடும். இன்று எடிட்டிங் மென்பொருளில் அதே இரண்டு நொடிக் கோட்டை வரைந்துகொள்ளலாம். நடத்துபவர் முன்னால் திரை வைத்தால் போதும்.

கடைசியாக, எழுதத் தொடங்கும் முன்பே ஒலி வடிவமைப்பாளரிடம் விண்கலத்தின் சத்தத்தைக் கேட்டு வாங்குங்கள். அது 40–80 ஹெர்ட்ஸில் உறுமுகிறது என்றால் உங்கள் டியூபாவும் அதுவும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடும். மிக்ஸிங்கில் தோற்பது எப்போதும் இசைதான். அதன் அடிச்சுரம் என்ன என்று பார்த்து, அதிலிருந்து ஒரு அரைச்சுரம் தள்ளி உங்கள் ஷட்ஜமத்தை வைத்தால் சண்டையே விம்மலாக மாறும். அல்லது கலம் தெரியும்வரை இசை, தெரிந்த கணத்தில் இசை நிறுத்தம். மிக்ஸுக்குக் கொடுக்கும்போது பித்தளை, தாளம், விசைப்பலகைகள், மின்தந்திகள் நான்கையும் தனித்தனித் தடங்களாகக் கொடுங்கள். தெரமினை ஐந்தாவதாக, முற்றிலும் தனியாக. இயக்குநர் கடைசி நேரத்தில் அதைத்தான் குறைக்கச் சொல்வார், இல்லையென்றால் கூட்டச் சொல்வார்.